நாலு பக்கமும் கரை உள்ள துணி

1976 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மெல்பேர்ணில், நான் ஒரு துணியை வெட்டினேன். சோதனைக்கூடத்தின் விதிப்புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருந்ததோ அப்படியே வெட்டினேன். அந்தப் புத்தகத்தை இன்றைக்கு யாராவது என் முன்னால் நீட்டினால் அடுப்பில் போடுவேன்.

எனக்குக் கோபம் கெதியில் வரும். இதை எழுதும்போதும் வருகிறது. அதனால் யார், என்ன, எங்கே என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சத்தியபாமா. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, கட்டுபெத்தையில் நெசவுத் தொழில்நுட்பம் படித்து, கொழும்புக்கு வெளியே ஒரு துணி ஆலையில் நாலு வருடம் தரம் பார்க்கும் வேலை செய்தவள். கணவர் மகாதேவனுக்கு மெல்பேர்ணில் ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலை கிடைத்து 74 இல் இங்கே வந்தோம். எனக்கு பிரன்ஸ்விக்கில் ஒரு துணிச் சோதனைக்கூடத்தில் இடம் கிடைத்தது. சுற்றிவர இருந்த மில்களெல்லாம் தங்கள் துணியை அங்கே அனுப்பும். நாங்கள் இழையை எண்ணி, இழுத்து, எரித்து, அறிக்கை எழுதிக் கொடுப்போம். சேலை கட்டிக்கொண்டு வரக்கூடாது, மெஷினில் சிக்கும் என்று முதல் நாளே சொன்னார்கள். அது நியாயம். என் மேலதிகாரி மிஸ்டர் பெல்ச்சருக்கு என் முழுப் பெயர் வாயில் வரவில்லை. "சாட்டி" என்று கூப்பிட்டார். அது நியாயமில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

அந்தத் துணி ஒரு மண்ணிறக் கடித உறையில் வந்தது. நகரத்தில் இருந்த ஒரு கைவினைக் கல்லூரி அனுப்பியிருந்தது. கூடவே நாலு வரிக் கடிதம். நெசவு ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கும் பௌலினா சாயாப்பா என்ற பெண், இதைத் தானே தன் கையால் நெய்ததாகச் சொல்கிறார். துறைத் தலைவருக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. இது கைத்தறியா, விசைத்தறியா என்று உறுதிப்படுத்தித் தரவும். கீழே ஆல்ட்ரிட்ஜ் என்று ஒரு கையெழுத்து.

மேசையில் விரித்தேன். இரண்டடி அகலம், மூன்றடிக்குச் சற்றுக் குறைவான நீளம். மண்ணிறம், கறுப்பு, பழுத்த மாதுளையின் நிறம் என்று நீளக் கோடுகள். நடுவே இரண்டு ஒடுக்கமான பட்டிகளில் சின்னச் சின்னப் பறவைகள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் அதே பறவைகள், நிறம் மட்டும் மாறி. முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று அந்தத் துணிக்கு இல்லை. கண்ணாடியை வைத்து எண்ணினேன். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் அங்குலத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு. நம்பாமல் மூன்று இடத்தில் எண்ணினேன். மூன்று இடத்திலும் நூற்றுப்பன்னிரண்டு.

ஒரு முனைக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு நெசவு வேறு மாதிரி இருந்தது. அந்த இடத்தில் பறவைகள் நெருக்கிக்கொண்டு நின்றன. குறுக்கே ஓடும் ஊடை இழை கொஞ்சம் ஏறி இறங்கிப் போயிருந்தது. ஆலையில் வேலை செய்தவர்களுக்கு அதைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றும், பழுது. ஆலையில் தறியில் ஏறும் முனையும் இறங்கும் முனையும் எப்போதும் கழிவுதான். சோதனைக்குத் துண்டு எடுப்பதென்றால் அங்கேதான் எடுப்போம். நானும் அங்கேதான் கத்தரிக்கோலை வைத்தேன். அகலம் முழுவதும் நாலு அங்குலத்துக்கு ஒரு துண்டு. பழுதான இடத்தை எடுத்துவிட்டு நல்ல இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

துண்டை இழை இழையாகப் பிரித்தேன், நிறுத்தேன், முறுக்கு எண்ணினேன். பிரிக்கும்போது ஒரு பக்கத்தில் பாவு இழைகள் அறுந்து முடியாமல் வளைந்து வளைந்து திரும்பி வந்தன. ஓரத்தை யாரோ ஊசியால் முடித்திருக்கிறார்கள் என்று குறித்தேன். கடைசியாக இழைகளை எரித்துப் பார்த்தேன். தலைமயிர் கருகிய மணம் வந்தது. விலங்கு மயிர், தெற்கு அமெரிக்க மலைகளில் வளர்க்கும் அல்பாக்காவின் மயிர் என்று எழுதினேன். மிச்சத் துணுக்குகளையும் விதிப்படி எரித்துவிட்டேன்.

பெல்ச்சர் எண்களைப் பார்த்தார். இழைக்கு இழை தடிப்பில் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு வீதம் கூட இல்லை.

"கையால் இப்படி வராது. விசைத்தறி என்று போடுங்கள்," என்றார்.

போட்டேன். பக்கத்தில் என் முதலெழுத்துகளையும் போட்டேன். பெல்ச்சர் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கப் போவதில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கள் ஊர்க் கைத்தறியை எனக்குத் தெரியும், ஆலைத் துணியையும் தெரியும். தெற்கு அமெரிக்காவில் எங்கோ ஒரு மலையில் ஒரு பெண் இவை இரண்டையும் மிஞ்சி நெய்வாள் என்று என் தலைக்குள் ஏறவேயில்லை.

அடுத்த கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கவுண்டரில் மணி அடித்தது. ஒரு குட்டையான பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரட்டைப் பின்னல். மில் மேலங்கி, அதில் கம்பளிப் பஞ்சு. இரண்டு தெரு தள்ளியிருந்த போர்வை மில்லில் வேலை செய்பவள் என்று அந்தப் பஞ்சைப் பார்த்தே சொல்லலாம். அவள்தான் பௌலினா. கல்லூரி துணியை நேரே சோதனைக்கூடத்தில் போய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது.

துணியை எடுத்துக் கொடுத்தேன். அவள் மடிப்பைப் பிரித்து ஓரத்தில் விரலை ஓட்டினாள். வெட்டிய இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"மிச்சம் எங்கே?"

"சோதனைக்கு எடுத்தோம். அது வழக்கம்."

"எங்கே?"

"எரித்தாகிவிட்டது," என்றேன். விதிப்படி என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் அன்று அவள் சொன்னதில் எனக்கு விளங்காதது எதுவும் இல்லை. வெட்டாத மறுமுனையை என் பக்கம் திருப்பினாள். ஒரு பாவு இழையை நகத்தால் தொட்டுக் காட்டினாள். அது ஓரத்துக்கு வருகிறது, கடைசி ஊடையைச் சுற்றுகிறது, திரும்பிப் போகிறது. அடுத்ததும் அப்படியே.

"எங்கள் ஆட்கள் துணியை வெட்டுவதில்லை. துணி தறியிலேயே முழுதாக வரும். நாலு பக்கமும் கரை." பிறகு இரண்டு கைகளையும் மேசையின் இரண்டு அந்தத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தாள். "இங்கேயிருந்து நெய்வோம். பிறகு அங்கேயிருந்தும் நெய்வோம். இரண்டும் கிட்ட வரும். நூல் ஓடம் போக இடமில்லை. அப்போது ஊசி." இரண்டு சுட்டுவிரல்களும் முட்டிக்கொண்டன. "இது சந்திக்கிற இடம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விசைத்தறி துணியை ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போகும். முடிவில் வெட்டித்தான் எடுக்கவேண்டும். இரண்டு முனையிலும் கரையோடு துணி இறங்குகிற மெஷின் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்தத் துணி கையால் நெய்ததுதான் என்பதற்கு அந்தச் சந்திக்கிற இடத்தைப் போல வேறு சாட்சி இல்லை. அதைத்தான் நான் பழுது என்று தேடிப் பிடித்து, வெட்டி, பிரித்து, எரித்திருந்தேன். இப்போது அந்தத் துணிக்கும் கடையில் கிழித்துத் தரும் துணியைப் போல ஒரு வெட்டு ஓரம்.

"பேப்பர் என்ன சொல்கிறது?" என்று கேட்டாள்.

"மெஷின் என்று."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கவுண்டரில் விரித்துக் காட்டினாள். ஒரு தடவை சிரித்தாள். பிறகு துணியை மடித்துக்கொண்டு, மில்லின் சங்கு ஊதுவதற்குள் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் பெல்ச்சரிடம் போனேன். அறிக்கை பிழை, திரும்ப எடுக்கவேண்டும் என்றேன்.

"என்ன ஆதாரம்?"

"நான் எரித்த துண்டு."

"சாம்பலைச் சோதிக்கலாமா, சாட்டி?" என்று கேட்டார் அந்த மனிதர். கேலி செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கு அது சாதாரணக் கேள்வி. மறுமுனை இருக்கிறது என்றேன். ஒரு முனையை ஊசியால் முடித்துச் சுற்றுலாக்காரருக்கு விற்பார்கள், நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று என் குறிப்பை எனக்கே வாசித்துக் காட்டினார்.

அன்று வெரிபீக்குப் போகும் ரயிலில் ஒரு மணித்தியாலமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வெரிபீ முட்டைக்கோவாத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர். வாடகை குறைவு என்று அங்கே ஒரு பழைய பலகை வீட்டில் இருந்தோம். குசினிக்குள் நுழைந்ததும் மகாதேவனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீர் ஏன் உதுக்குள்ள தலையைப் போடுறீர்? நாங்கள் வந்து ரெண்டு வரியந்தான்," என்றார்.

"நான் தலையைப் போடேல்லை. கத்தரிக்கோலைப் போட்டனான்."

"சரி, பிழை நடந்து போச்சு. வேணுமெண்டோ செய்தனீர்?"

"விளங்காமல் கதையாதேங்கோ. அந்தத் துணி கொஞ்சம் பழுதாய் இருந்திருந்தால் அவள் நெய்தது எண்டு நம்பியிருப்பினம். திறமாய் இருந்தபடியால்தான் மெஷின் எண்டு சொல்லினம். அவளுக்கு அது வராது எண்டு முதலே முடிவு. அந்த முடிவுக்கு நானும் முத்திரை குத்திக் குடுத்திட்டன்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். கோபப்படுகிற நேரத்தில் எனக்கு யோசனை வராது. அந்த வேலை அவருடையது.

"அப்ப அவவை நெய்து காட்டச் சொல்லுமன். கண்ணால பாத்தால் என்ன சொல்லப் போகினம்?"

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். துறைத் தலைவர் ஆல்ட்ரிட்ஜ் நல்ல மரியாதையான மனிதர். தானே நெய்த ஒரு தடித்த கம்பளி மேற்சட்டை போட்டிருந்தார். அதில் அங்கங்கே முடிச்சும் திரளும். அதை அவர் பெருமையோடு தடவிக் காட்டினார். "கைத்தறி என்றால் அதில் கை தெரியவேண்டும்," என்றார்.

"கை தெரியாமல் நெய்கிறவனைத்தான் எங்கள் பக்கத்தில் நெசவுகாரன் என்று சொல்வோம்," என்றேன். நான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஐந்து கிழமை தவணை கொடுத்தார். அதே வேலைப்பாட்டில் சின்னதாக ஒரு துணி. கடைசிப் பகுதியை அவர் கண் முன்னால் நெய்யவேண்டும். அதற்குப் பிறகு பதவியைப் பற்றி முடிவு.

போர்வை மில்லின் வாசலில் நின்று பௌலினாவிடம் சொன்னேன். அந்தப் பதவி அவளுக்கு எவ்வளவு வேண்டியது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் சிலி நாட்டு மலைப்பகுதியைச் சேர்ந்தவள். 73 இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, துறைமுகச் சங்கத்தில் இருந்த அவள் கணவனைப் பிடித்துப்போய் ஒரு வருடம் அடைத்து வைத்து அடித்திருக்கிறார்கள். அவனுக்கு இனிப் பாரமான வேலை செய்ய ஏலாது. இரண்டு பிள்ளைகள். அவளுக்கு மில் தூசியில் இரவெல்லாம் இருமல். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டொக்டர், மில்லை விடு என்று சொல்லிவிட்டார். விட்டால் சாப்பாடு? அவளுக்குத் தெரிந்த இன்னொரு வேலை நெசவு. தன்னிடமிருந்த மிகத் திறமான துணியை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தாள்.

"நிலம் வேண்டும்," என்றாள். "நாலு கட்டை அறைய." அவள் இருந்தது மூன்றாம் மாடி. எங்கள் வீட்டுப் பின்வளவில் நிலத்துக்குக் குறைவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ரயிலில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் தக்ளியைச் சுழற்றிக்கொண்டு வந்திருந்தாள். மில் கழிவில் எடுத்த கம்பளி நூலை இரட்டித்து, கம்பி மாதிரி விறைக்கும்வரை முறுக்கியிருந்தாள். நாலு கட்டைகளை அறைந்து, இரண்டு தடிகளைக் கட்டினாள். பாவு ஓட்டுவதற்கு அவர்களின் முறையில் இரண்டு பேர் வேண்டும். எதிரும் புதிருமாக நிலத்தில் இருந்தபடி, நூல் பந்தை ஒருவர் தள்ள, மற்றவர் தடியைச் சுற்றித் திருப்பி அனுப்பவேண்டும். ஊரில் அது பெண்கள் இரண்டு பேர் செய்கிற வேலை. இங்கே எதிர்ப்பக்கம் இருக்க நான்தான் இருந்தேன்.

பறவை உருவத்துக்கு நான் சதுரத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் தாளைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்பது அவள் விரலில் இருந்தது. ஒரு விரலால் முன்பக்கத்துப் பறவையைத் தூக்கும்போதே பின்பக்கத்துப் பறவை தானாக உண்டானது. அதை ஆலையில் செய்வதென்றால் துளையிட்ட அட்டைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும், ஒரு லொறி அளவு மெஷின் வேண்டும். அவளிடம் இருந்தது மூன்று குச்சியும் ஊடையை இறுக்க லாமா என்ற விலங்கின் எலும்பு ஒன்றும். நான் மூன்று வருடம் படித்த படிப்பில் இந்த மக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார் எந்தச் சக்கரத்தைக் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். அதை நினைத்து நினைத்துக் கொதித்தேன். கொதித்ததை அவளிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாலு சனி ஞாயிறுகளும் நான்தான் பேசினேன். பெல்ச்சரைத் திட்டினேன், ஆல்ட்ரிட்ஜைத் திட்டினேன், வெள்ளைக்காரரின் புத்தகங்களைத் திட்டினேன். இடைக்கிடை மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்புக் கேட்ட ஒவ்வொரு தடவையும் அவள் தலையை நிமிர்த்தாமல், "நூலைப் பிடியுங்கள்," என்றாள். என் முன்னாலேயே அவளுக்கு இருமல் வரும். குனிந்தபடி காத்திருந்து, மறுபடி விரலைப் பாவுக்குள் விடுவாள்.

மே மாதம் முதல் கிழமை, பாதி நெய்த தறியைப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டு ரயிலில் போனோம். கல்லூரிப் புல்வெளியில் கட்டை அறைவதற்குத் தோட்டக்காரன் எழுத்தில் அனுமதி கேட்டான். ஒரு மணித்தியாலம் நின்று அதை வாங்கினேன். ஆல்ட்ரிட்ஜ் நாலு ஆசிரியர்களோடு வந்தார். ஒருவர் கையில் கமரா. பௌலினா ஈரப் புல்லில் இருந்தபடி இரண்டு பக்க நெசவையும் கிட்டக் கொண்டுவந்தாள். ஓடம் போக இடமில்லாமல் ஆனதும் நீள ஊசியை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆல்ட்ரிட்ஜ் தன் நல்ல காற்சட்டையைப் பாராமல் புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். மூக்கு துணியில் முட்டுகிற தூரம். கடைசி ஊடை போய் முடிந்து, தடிகளிலிருந்து துணியை உருவி எடுத்து அவள் நீட்டினாள். நாலு பக்கமும் கரை. அவர் கண்ணாடி வைத்து எண்ணினார். நூற்றெட்டு.

"அற்புதம்," என்றார். மூன்று தடவை சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அவர் எழும்பி வந்து முதலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெய்தவள் இன்னமும் புல்லில் இருந்தபடி கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பௌலினா ஒரு கடிதத்தை உடைக்காமல் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆங்கிலக் கடிதத்தைத் தனியே வாசிக்க அவளுக்கு ஏலாது. குசினி மேசையடியில் இருந்தபடி உரக்க வாசிக்கத் தொடங்கினேன். அவளுடைய திறமை வியப்புக்குரியது என்று முதல் பந்தி. ஆனால் அவளுடைய வேலை ஒரு பழங்குடி மக்களின் பாரம்பரியக் கைவேலை என்பது இப்போது தெளிவாகிவிட்டதால், தறியையும் வடிவமைப்பையும் கற்பிக்கும் நெசவுத்துறைக்குள் அது அடங்காது என்று இரண்டாவது பந்தி. பதவி தறியில் முறையான பயிற்சி பெற்ற ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. புல்வெளியில் எடுத்த படங்களைக் கொண்டு அவர் இந்த முறையை மாணவர்களுக்கு அறிமுகம் செய்வார். மூன்றாவது பந்தியில் ஓர் அழைப்பு. ஓகஸ்ட் மாதம் கல்லூரித் திறந்த நாளில், முடிந்தால் தன் மக்களின் உடையில், புல்வெளியில் இருந்தபடி நெய்து காட்டினால் பொதுமக்கள் மகிழ்வார்கள்.

மெஷின் செய்தது என்று நினைத்தவரைக்கும் அது நெசவு. அவள் கை செய்தது என்று தெரிந்தவுடன் அது கைவேலை! படுத்துக்கிடந்து பார்த்தாரே, அந்த மனிதருக்குக் கூச்சம் வேண்டாமா? அவளிடமிருந்து படித்ததை அவளுக்கே சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்க விடாமல், இன்னொருவரை வைத்துப் படம் காட்டுவார்களாம். அவள் வெளியே புல்லில் காட்சிப்பொருளாக இருக்கவேண்டுமாம். நான் கத்தினேன். மேசையில் அடித்தேன். பேனாவை எடுத்து, அவர்கள் வெட்கித் தலைகுனியும்படி ஒரு பதில் எழுதப் போகிறேன் என்றேன். பத்திரிகைகளுக்கும் எழுதப் போகிறேன் என்றேன்.

"ஏன் கத்துகிறாய்?" என்று பௌலினா கேட்டாள்.

"அநியாயமில்லையா?"

"எனக்கு அநியாயம். உனக்கு என்ன?" அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று உயர்ந்தது. "நாலு கிழமை நீ அவர்களைத் திட்டினாய். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். நீ எரித்த துண்டு என்ன என்று ஒருநாளாவது கேட்டாயா?"

நான் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தத் துணியை நான்தான் நெய்தேன். முடிக்கிற நேரம் மூத்த பிள்ளை வயிற்றில். குனிய ஏலவில்லை. கடைசி மூன்று விரலை என் தங்கை ஊசியால் முடித்தாள். நல்லாய் முடிக்கவில்லை, அவளுக்குப் பொறுமை இல்லை. ராணுவம் வந்தபோது அவளை லொறியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அவள் கை பட்டது என்று என்னிடம் அவ்வளவுதான் இருந்தது." இருமல் வந்து அடங்கும்வரை காத்திருந்தாள். "அந்தக் கல்லூரி ஆள் என்னை நம்பவில்லை. ஆனால் கேட்டான், நீ நெய்ததா என்று. நீ கேட்கவே இல்லை. என் மில் இரண்டு தெரு தள்ளி. வெட்டலாமா என்று ஒரு சொல். பழுது என்று நீயே முடிவு செய்தாய்."

பேனா என் கையில்தான் இருந்தது. மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிந்தபடியால் விழுங்கிவிட்டேன்.

"எழுது," என்றாள். "பௌலினா சாயாப்பா வரமாட்டாள் என்று எழுது."

எழுதினேன். அதற்குக் கீழே அவர்களைக் கிழிக்கிற மாதிரி ஒரு வரியாவது சேர்க்கவேண்டும் என்று கை துடித்தது. அவள் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். என் எழுத்துக்கு உடனே கீழே, இடைவெளி விடாமல், தன் கையெழுத்தைப் போட்டாள். வேறு எதையும் எழுத அந்தத் தாளில் எனக்கு இடம் இருக்கவில்லை.